கூப்பிடாமல் விட்டவள்

வரகனேந்தல்காரர்களுக்கு மழையை ஏமாற்றிவிடலாம் என்று ஒரு நினைப்பு. திருச்சுழிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்குள் கிடக்கிற ஊர் அது. ஒரு கண்மாய், ஏழெட்டுக் கிணறு, மீதி எல்லாம் வானம் பார்த்த பூமி. சேர்ந்தாற்போல் மழை பொய்த்தால் பெண்கள் மழைக்கஞ்சி எடுப்பார்கள். வீடு வீடாகப் போய், இருக்கிற கூழையும் கஞ்சியையும் ஒரே பானையில் வாங்கி, உப்பில்லாமல் கரைத்து, மந்தையில் உட்கார்ந்து அழுதுகொண்டே குடிப்பார்கள். குடித்து முடித்ததும் கிழிந்த பாயையும் ஓட்டைச் சட்டியையும் தலையில் தூக்கிக்கொண்டு, "மழையில்லாத ஊரில் எங்களுக்கென்ன வேலை, பரதேசம் போறோம்" என்று ஒப்பாரி வைத்தபடி ஊரெல்லையைத் தாண்டுவார்கள். பெண்கள் ஊரைவிட்டுப் போகிறார்களே என்று வானம் மனசு இரங்க வேண்டும். அதுதான் ஏற்பாடு.

எல்லைக்கல்லைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஆம்பளைகள் பின்னால் ஓடி வருவார்கள். அவனவன் தன் வீட்டுப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். "மழை வரும் தாயி, திரும்பி வா" என்பான். அவள் திரும்புவாள். கட்டினவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூச்சப்படுகிற ஆம்பளைகளும் அன்றைக்கு வாய் திறந்துதான் ஆக வேண்டும். அதனால் அந்த ஒப்பாரிக்கு நடுவிலும் பெண்களுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு. அழுத கண்ணோடு சிரித்துக்கொண்டே வீடு வந்து சேர்வார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு. வீட்டு ஆம்பளை கூப்பிடாமல் எல்லைக்கல்லைத் திரும்ப மிதிக்கக் கூடாது.

அறுபத்தஞ்சாம் வருஷம் சந்தனத்தைக் கூப்பிட அவள் புருஷன் சின்னத்துரை ஊரில் இல்லை. கிணறு வெட்டுகிற ஆட்களோடு கோயமுத்தூர்ப் பக்கம் போயிருந்தான். பஞ்சம் வந்தால் கையில் பலம் இருக்கிறவனைத்தான் முதலில் ஊரைவிட்டுக் கிளப்பும். மிச்சம் இருந்தவர்கள் சர்க்கார் ரோட்டுக்குக் கல் உடைத்தார்கள், ரேஷனில் போட்ட மைலோச் சோளத்தைக் காய்ச்சிக் குடித்தார்கள். சின்னத்துரையின் அண்ணன் காசிராஜன் மட்டும் எங்கேயும் போகவில்லை. அவனுக்கு ஊருக்குள் பலசரக்குக் கடை இருந்தது. பஞ்சத்தில் பருத்தவன் என்று யாரையாவது கைகாட்டச் சொன்னால் அவனைத்தான் காட்ட வேண்டும். தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட வேண்டியவனும் அவன்தான்.

அவனுக்கும் அவளுக்கும் ஒரு கிணற்றுத் தகராறு. கிணறு அண்ணன் தம்பி இருவருக்கும் பொது. அடியில் கணுக்கால் தண்ணீர்தான் ஊறியது. அதை முழுக்கத் தன் மிளகாய்ச் செடிக்கு இறைத்துக்கொண்டிருந்த காசிராஜனைச் சந்தனம் ஒருநாள் மறித்தாள். "அத்தான், கெணத்துல பாதி எங்களுது. அவுக ஊருல இல்லங்கிறதுக்காகத் தண்ணி உங்க பக்கமே ஊறுமா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். கேட்டது நியாயம்தான். ஆனால் நாலு பேர் சிரித்துவிட்டார்கள்.

அன்றைக்கு எல்லையில் எல்லாரையும் கூப்பிட்டாயிற்று. சந்தனம் மட்டும் தலையில் பாயோடு நின்றாள். காசிராஜன் கல்லுக்கு இந்தப் பக்கம் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

"கூப்புடுங்க அத்தான். புள்ள வீட்டுல தனியா கெடக்கு" என்றாள்.

"தொண்ட கட்டியிருக்கு" என்று அவன் செருமினான். கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள், விளையாட்டு என்றுதான் நினைத்தாள்.

"கெணத்துல பாதி உன்னுதுன்னவ. ஊருலயும் பாதி உன்னுதாத்தான இருக்கும்? நீயாவே வா, பாப்பம்" என்று சொல்லிவிட்டு அவன் கடையைப் பார்த்து நடந்தான்.

அவள் நாலு எட்டு வைத்து உள்ளே வந்திருக்கலாம். கல் அவள் காலைப் பிடித்து இழுத்திருக்காது. வந்திருந்தால் ஒரு வாரம் பேசுவார்கள், அப்புறம் மறந்துபோவார்கள். ஆனால் கூப்பிடாத வாசலை மிதிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. அந்த ரோஷம்தான் அவளைக் கெடுத்தது. நாளைக்கு நாலு பேர் சொல்லி அத்தானே வந்து கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த ஊரில் இருந்த சின்னம்மா வீட்டுக்குப் போனாள். மகள் முருகேஸ்வரிக்கு அப்போது ஆறு வயசு. காசிராஜன் பெண்டாட்டி இருக்கிறாள், பெரியம்மா வீட்டில் பிள்ளை ஒருநாள் தூங்கினால் என்ன என்று சந்தனம் இருந்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது.

அப்படி ஒரு மழை. சந்தனம் நனைந்துகொண்டே ஊருக்கு ஓடி வந்தாள். இனி யார் கூப்பிட்டால் என்ன கூப்பிடாவிட்டால் என்ன, மழைதான் வந்துவிட்டதே என்கிற சந்தோஷம். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் ஊரே நின்றது. வரவேற்க நிற்கிறார்கள் என்றுதான் அந்தப் பாவி நினைத்தாள். கிட்டே போனதும் எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"தாயி, உள்ள வந்துராத. நீ போன மறுநாளே வானம் தெறந்துருச்சு. ஒனக்குக் கோடிப் புண்ணியம்" என்றார் ஒரு பெரியவர். கும்பிட்ட கையை அவர் இறக்கவே இல்லை.

ஐப்பசி மாசம் மழை பெய்யாமல் வேறு எந்த மாசம் பெய்யும்? அன்றைக்கு அருப்புக்கோட்டையில் பெய்தது, காரியாபட்டியில் பெய்தது, வீரசோழனில் பெய்தது. அங்கெல்லாம் எந்தச் சந்தனத்தைத் துரத்தினார்கள்? இதைக் கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு நாதி இல்லை. காய்ந்து கிடந்தவன் வாயில் தண்ணீர் விழும்போது எதை வேண்டுமானாலும் நம்புவான்.

"எம்புள்ளையவாச்சும் குடுங்க" என்று கதறினாள்.

காசிராஜன் முன்னால் வந்தான். முந்தின நாள் கட்டியிருந்த தொண்டை இப்போது நன்றாகத் திறந்திருந்தது. "புள்ள இங்கன இருக்கட்டும். நாங்க பாத்துக்கிருவோம். புள்ளையும் கையில இருந்தா நீ தூரந்தொலைக்குப் போயிருவ. அப்புறம் ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஒன்னைய எங்க தேடுறது?" என்றான். எவ்வளவு முன்யோசனை பாருங்கள்.

சந்தனம் அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தாள். நெசவாளர் தெருவில் சௌடம்மாள் என்கிற கன்னடக்கார அம்மாள் வீட்டில் வேலை கிடைத்தது. நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பது, தறியில் ஏற்றுவதற்காகக் காலையில் தெருவில் நீட்டிக் கட்டின பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக் கொடுப்பது, வீட்டு வேலை. படுத்துக்கொள்ள தறிக்குப் பக்கத்தில் இடம். சௌடம்மாள் வாய் நீளம், மனசு பரவாயில்லை. அந்தத் தெருவுக்கு மழை ஆகாது. பாவு தெருவில் நிற்கும்போது நாலு தூறல் விழுந்தால் கஞ்சி கரைந்து ஒரு வார உழைப்பு பாழ். மேகம் கருத்தால் வரகனேந்தலில் குலவை போடுவார்கள், இங்கே மண்ணை வாரித் தூற்றாத குறையாகத் திட்டுவார்கள். சந்தனத்துக்கு முதலில் அது பாவமாகப் பட்டது.

தை மாசம் புருஷன் வந்தான். அண்ணனை வெட்டப்போகிறேன் குத்தப்போகிறேன் என்று ஊருக்குப் போனவன், விளைந்து நின்ற சோளத்தைப் பார்த்துவிட்டு அடங்கி வந்திருந்தான்.

"ஒரு வெள்ளாம எடுத்துக்கிறேன், சந்தனம். ஊரு கொஞ்சம் தலை நிமிரட்டும். அப்புறமா நானே வந்து எல்லையில நின்னு ஒன்னையக் கூப்புடுறேன்" என்றான்.

"இன்னைக்கே கூப்புட்டா என்ன?"

"இன்னைக்குக் கூப்புட்டு, நாளைக்கு மழ நின்னா என்னைய உசுரோட விடுவாகளா?"

அடுத்த வருஷமும் மழை பெய்தது. அதற்கடுத்த வருஷமும் சுமாராகப் பெய்தது. நல்ல வருஷம் ஒவ்வொன்றும் அவள் போனதுதான் சரி என்று சாட்சி சொல்லிக்கொண்டே போயிற்று. சின்னத்துரை கடைசியாக வந்தபோது வேஷ்டி வெளுப்பாக இருந்தது. ஊர் சொல்லி வேறொருத்தியைக் கட்டிவைத்துவிட்டார்களாம். சொல்லும்போது சுவரைப் பார்த்துச் சொன்னான். சந்தனம் அவனுக்குச் சோறு போட்டு அனுப்பினாள். அதற்கு அவளைச் சௌடம்மாள் திட்டின திட்டு எழுத்தில் வராது.

அந்தப் பஞ்சம் மழையோடு முடிந்தது என்று சொல்கிறார்கள். யாருக்கு முடிந்தது? கோயமுத்தூர்ப் பக்கம் போன ஆம்பளைகளில் பாதிப் பேர் திரும்பவே இல்லை. அவர்கள் நிலத்தில் சீமைக்கருவேல் மண்டியது. ஊரில் மிச்சம் இருந்து உழுதவர்களே அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டு மூட்டை மூட்டையாக மதுரைக்கு லோடு ஏற்றினார்கள். சின்னத்துரையும் கடைசியில் கரி சுடப் போனான், ஏனென்றால் காசிராஜன் லோனு வாங்கிக் கிணற்றை ஆழப்படுத்தி மோட்டார் வைத்துக்கொண்டான். பாதிக் கிணறு கேட்கிற வாயைத்தான் ஊரே சேர்ந்து வெளியே அனுப்பியாயிற்றே.

சந்தனத்துக்குக் கிணறும் வேண்டாம், புருஷனும் வேண்டாம். மகள் வேண்டும். திருச்சுழிக் கோயில் திருவிழாவில் தூரத்தில் நின்று பார்ப்பாள். ஒரு தடவை கிட்டே போய்க் கையைப் பிடித்தாள். முருகேஸ்வரி வீறிட்டுக்கொண்டு பெரியம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். அந்தப் பெண்ணுக்குச் சொல்லி வளர்த்தது அப்படி. ஒன் ஆத்தா உள்ளே வந்தால் ஊர் வறண்டு போகும், நீ தண்ணி இல்லாமல் செத்துப்போவாய் என்று.

பதினைந்து வயசில் அவளுக்குக் கல்யாணம் முடித்துவிட்டார்கள். காரியாபட்டிக்கு மேற்கே ஓடைப்புதூர், மாப்பிள்ளை இன்பராஜ். இதையெல்லாம் சந்தனம் பஸ்ஸில் யாரோ பேசிக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். அழுதாள், பிறகு யோசித்துப் பார்த்தாள். ஓடைப்புதூர் வேற ஊர், அந்த எல்லை வேற எல்லை. அங்கே போய் மகளைப் பார்க்க யார் தடுப்பார்கள்? சௌடம்மாளும் அதைத்தான் சொன்னாள். "கெளம்பு, பஸ்ஸுக்கு நான் தாரேன்" என்றாள். ஆனால் சந்தனம் கிளம்பவில்லை. மகள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தாள். பட்டும் புத்தி வராதவள்.

எழுபத்தினாலில் மறுபடியும் மழை பொய்த்தது. கண்மாய் எல்லாம் வெடித்துக் கிடந்தது. அருப்புக்கோட்டையில் நூல் வரத்துக் குறைந்து, தறிகள் சும்மா நின்று, தெருவில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். அந்தப் புரட்டாசியில் இன்பராஜ் நெசவாளர் தெருவை விசாரித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அத்தை, முருகேஸ்வரி ஒங்களக் கையோட கூட்டிட்டு வரச் சொன்னா. அழுதுக்கிட்டே இருக்கா" என்றான்.

சந்தனத்துக்குக் கை கால் ஓடவில்லை. சௌடம்மாள் தன் பெட்டியைத் திறந்து ஒரு புதுச் சேலையை எடுத்து, "கூப்புடலன்னு கூப்புடலன்னு கெடந்தயே, கூப்புட்டாச்சு, போ" என்று மேலே விட்டெறிந்தாள்.

மகள் ஊரெல்லையில் வந்து நின்று அவளைக் கூட்டிப் போனாள். தண்ணீர் இல்லாத ஊரில் ஒரு குடம் தண்ணீர் வைத்து, முதுகு தேய்த்துக் குளிக்கச் செய்தாள். நெல்லுச் சோறு ஆக்கிப் போட்டாள். மாமியார்க்காரி விழுந்து விழுந்து உபசரித்தாள். மூன்று நாள் சந்தனம் மகளின் தலையைச் சீவிவிட்டாள், பேன் பார்த்தாள், பக்கத்தில் படுத்துக்கொண்டு அவள் மூச்சு விடுவதைக் கேட்டாள். ஒன்பது வருஷத்துத் தாகம். சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆட்டுக்குக்கூட வெட்டுகிற அன்றைக்குத்தான் மஞ்சத்தண்ணி தெளித்து மாலை போடுவார்கள்.

நாலாம் நாள் காலையில் தெருவில் பெண்கள் பானையோடு மழைக்கஞ்சி எடுத்து வந்தார்கள். மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்த சந்தனம் சீப்பைக் கீழே வைத்தாள். மகளைப் பார்த்தாள். முருகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இதுக்குத்தான் கூப்புட்டியா?"

"நான் வாக்கப்பட்டு வந்த நேரந்தான் மழ இல்லங்கிறாக. மாமியா ஒவ்வொரு வாய்ச் சோத்துக்கும் சொல்லுது. தள்ளிவிட்டுட்டு வேறொருத்தியக் கட்டப்போறதாவும் பேசுறாக. நான்தான் சொன்னேன், எங்கம்மா போனா மழ வரும்னு. நீங்க போயிட்டா என்னைய வச்சுக்கிருவாக."

'நீங்க' என்றாள் பெற்ற தாயை. அயல் மனுஷியிடம் பேசுகிற மாதிரி.

சந்தனத்துக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. நான் பெற்றதையும் இந்தப் பஞ்சம் தின்றுவிட்டதே என்றுதான் நினைத்தாள். மறுபடி யோசித்தபோது, பாவம் இந்தப் பிள்ளை, இதற்கும் போக்கிடம் இல்லை என்று தோன்றியது. தன்னை மாதிரி இதுவும் ஒரு கல்லுக்கு வெளியே நிற்கவா?

"போறேன்" என்றாள். "எனக்கு ஒண்ணு மட்டும் செய்யி. எல்லையில நின்னு ஒரே ஒருக்கா கூப்புடு. அம்மான்னு கூப்புடு, போதும். சத்தியமா நான் திரும்ப மாட்டேன். காதுல கேட்டுக்கிட்டே போயிருவேன்."

முருகேஸ்வரி பயந்துபோனாள். நிஜமான பயம். "ஐயோ, கூப்புட்டாக் கெட்டுப்போயிருமே" என்றாள்.

எல்லையில் அவரவர் தம் பெண்களைக் கூப்பிட்டார்கள். சந்தனம் நடந்தாள். மெதுவாகத்தான் நடந்தாள், ஒருவேளை என்று. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு திருப்பத்தில் மட்டும் அடக்கமாட்டாமல் திரும்பிப் பார்த்தாள். மகள் சேலை முந்தானையை வாயில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த ஐப்பசி பொய்த்தது. கார்த்திகையும் பொய்த்தது. அவள் திரும்பிப் பார்த்ததால்தான் என்று ஓடைப்புதூரில் முடிவு செய்தார்கள். அடுத்த புரட்டாசிக்கு இன்பராஜ் மறுபடி வந்தான். சௌடம்மாள் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"மறுபடியும் போகாத. ஒனக்கு ரோஷம் இருக்கா இல்லையா? அந்தப் பாவிக எதுக்குக் கூப்புடுறாகன்னு தெரியுமில்ல?"

"தெரியும்" என்றாள் சந்தனம். "மூணு நாளு கூட வச்சிருப்பாக அம்மா. புள்ள பொறந்திருக்காம். பேரனத் தூக்கலாம்."

சௌடம்மாள் வாசலைவிட்டு விலகி நின்றாள். விளக்குமாற்றைக் கீழே போட்டாள்.

மூன்று நாளும் பேரனை மடியைவிட்டு இறக்கவில்லை. முகம் பழகி அவளைப் பார்த்தால் சிரிக்க ஆரம்பித்திருந்தது. நாலாம் நாள் கஞ்சியைக் குடித்தாள், பாயைத் தூக்கினாள், நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பேரன் வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டபோதும் பார்க்கவில்லை. அருப்புக்கோட்டை வந்து சேர்ந்து சில நாளில் மழை கொட்டியது. ஓடைப்புதூர்க் கண்மாய் நிறைந்ததாம். முருகேஸ்வரியை மாமியார் தாங்கித் தாங்கி வைத்துக்கொள்கிறாளாம். இன்பராஜ் வேறொருத்தி பேச்சை விட்டுவிட்டானாம். எல்லாம் வழியில் வருவோர் போவோர் சொன்னதுதான்.

அப்புறம் ஆள் வரவில்லை. எழுபத்தாறில் வரவில்லை, எழுபத்தேழில் வரவில்லை. பொறுக்கமாட்டாமல், காரியாபட்டிச் சந்தைக்குப் போகிற ஒருத்தியிடம் சந்தனம் சொல்லி அனுப்பினாள். பேரனை ஒரு தடவை பார்த்துவிட்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறேன், பச்சைத் தண்ணிகூட வேண்டாம் என்று. மகள் சொல்லி அனுப்பின பதில் இது:

"இப்ப வெள்ளாம நல்லா நிக்கிது. நீங்க உள்ள வந்தா மழ நின்னுரும்னு இங்க பயப்புடுறாக. தேவப்பட்டா ஆள் அனுப்புறேன்."

சந்தனம் அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். தேவப்பட்டா என்றுதானே சொன்னாள், வரவே வேண்டாம் என்று சொல்லவில்லையே என்று சௌடம்மாளிடம் வாதாடினாள்.

அதிலிருந்து அவள் பிரார்த்தனை மாறிப்போனது. செவ்வாய்க்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயில் வாசலில் போய் நிற்பாள். மழையை வேண்டி அந்தக் கரிசல்காடே விழுந்து கும்பிடுகிற தெய்வத்திடம், மழை வேண்டாம் தாயே, இந்த ஒரு வருஷம் மட்டும் பொய்த்துப்போகட்டும் என்று கேட்பாள். கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். எத்தனை வீட்டு அடுப்பு அணையும் என்று அவளுக்குத் தெரியாதா? மைலோக் கஞ்சி குடித்தவள்தானே. தெரிந்துதான் கேட்டாள். ஓர் ஊர் ஒரு பொம்பளையை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, வருஷா வருஷம் பொங்கல் வைத்துச் சாப்பிட்டது.

எழுபத்தெட்டு ஐப்பசியில் ஒருநாள் காலையில் தெருவில் பாவு நீட்டியிருந்தார்கள். தெற்கே மேகம் கருத்தது. ஓடுங்கள், சுருட்டுங்கள் என்று தெருவே கத்தியது. எல்லாரும் நூலைக் காப்பாற்ற ஓடினார்கள். சந்தனம் மட்டும் கஞ்சிக் கையோடு நடுத்தெருவில் நின்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"போயிரு! எம்பேரனுக்கு நாலு வயசாகப் போகுது. மொகம் மறந்துரும். போயிரு!"

சௌடம்மாள் வந்து அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை. வாசலில் தண்ணீர் பெருகி ஓடியது.

அந்த வருஷமும் மழை நன்றாகவே பெய்தது.